கொடியில் காயும் சீருடை

பாடாங் செராயில் மாசி.
பால்மரங்கள் மொட்டையாகிவிட்டன, வெட்டு இல்லை.
வாசலைப் பெருக்கிவிட்டுத் திரும்பினால்
துடைப்பத்துக்குப் பின்னாலேயே
இன்னொரு வாசல் நிறைய இலை.

“அம்மா, புத்தகத்தில் வருகிற இளவேனில் இதுதானா?”
கெசியா.
குளிரே தெரியாத ஊருக்கு என்ன வேனில்?
“இது பால்மரத்தோட கணக்கு.
அதுக்குத் தனிக் காலண்டர்” என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிற பிள்ளை,
பயந்து பயந்துதான் பேசவேண்டியிருக்கிறது.

ஐந்தரைக்குக் குடும்ப ஜெபம்.
பாயில் ஏழு பிள்ளைகள், மூன்று பேர் விழித்தபடி.
அவர் மூத்தவளிலிருந்து பேர் பேராகச் சொல்லி
ஆசீர்வாதம் கேட்பார்.
நேற்று ஆசேரை விட்டுவிட்டார்.
ஆசேர் ஆமென் சொல்ல மறுத்துவிட்டான்.
மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

பிறகு அவர் செம்பனைக் குலை லாரிக்கு.
லெந்து முடியும்வரை தே தாரேக் இல்லை என்று பொருத்தனை.
லாரி ஓடாத நாட்களில்
பதினோரு மணிக்கு மேல்
யாரும் அவரிடம் கணக்குக் கேட்பதில்லை.

பசியாறிய மேசையே பள்ளிக்கூடம்.
சட்னி ஈரத்தைத் துடைத்த இடத்தில் மலாய் இலக்கணம்,
ஏழு பேருக்கு ஐந்து முட்டை என்பதில் பின்னம்,
தொட்டிலை ஆட்டுகிற காலின் தாளத்தில்
நூற்றிருபத்தோராம் சங்கீதம்.
யோவேலின் நோட்டில் இன்று
எட்டாம் கட்டளை, பத்துத் தரம்.
ஏழாவதோடு பென்சில் முனை ஒடிந்தது
என்று காட்டினான். ஒடித்ததுபோலத்தான் தெரிந்தது.

மளிகைக்கடையில் இன்னும் கேட்கிறார்கள்,
ஏன் பிள்ளைகளை அனுப்பவில்லை என்று.
கெடாவில் லீவு வெள்ளி, சனி.
ஞாயிறு மணி அடித்துவிடுவார்கள்.
“ஆண்டவருடைய நாளில் என் பிள்ளை
பரீட்சை எழுதுவதா?” என்றார் அவர்
பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவ்வளவுதான்.
ஞாயிறு காலையில் நாங்கள் ஆலயத்துக்கு வரிசையாய் நடக்க,
எதிரே வரிசையாய்ச் சீருடைகள் போகும்.
இலாகா கடிதம் வேதத்துக்குள் இருக்கிறது,
எஸ்றாவுக்கும் நெகேமியாவுக்கும் நடுவில்.
யாரும் வந்து கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக் குமுதவல்லி
மகன் சீருடையைத் துவைத்துப் போடுவாள்.
இன்று மத்தியானம்
கொடியில் கால்சட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

யோவேலைத் தேடிப் போனேன்.
பின்கட்டு தாண்டி, மொட்டை மரங்களுக்கு நடுவே
வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான்.
முழங்கை வரைக்கும் ஈரம்.
நெஞ்சில் இன்னொரு பிள்ளையின் பெயர்.
கைகள் உடம்போடு ஒட்டி, முகவாய் நிமிர்ந்து,
எதிரே மரங்களின் சபைகூடல்.

வரவு எடுத்துக்கொண்டிருந்தான்.
“கெசியா.”
“இருக்கிறேன், ஐயா” என்று கெசியாவின் குரலில்.
“ஆசேர்.”
மூக்கடைத்த ஆசேரின் குரலில்.
“தெபோராள். நத்தானியேல். எப்சிபா.”
நடக்கத் தெரியாத ரூபேனுக்குக்கூட
ஒரு சின்ன அழுகை.
ஒருவரும் விடுபடவில்லை.
கடைசியில் தன் பெயரைக் கூப்பிட்டுக்
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான்.

தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால்
எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ,
இடுப்பு பிடித்துக்கொண்டது.
கூப்பிடலாம் என்று வாய் திறந்தேன்.
களவு என்ற சொல்தான் வந்தது.
மூடிக்கொண்டேன்.

சட்டையைக் கழற்றி, உதறி,
வேலியேறிக் கொடியில் போட்டான்.
இடப்பக்கம் சிவப்புக் கவ்வி, வலப்பக்கம் பச்சை,
முன்பு இருந்தபடியே.
உள்ளே வந்து, கேட்காமலே,
மிச்சம் மூன்று தரம் எழுதினான். நல்ல கையெழுத்து.

சாயங்காலம் குமுதவல்லி துணி எடுக்கும்போது
சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த ஒரு பால்மர இலை விழுந்தது.
அதைப் பார்த்தாள். வேலிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

“இந்த வருஷம் ரொம்ப இலை” என்றேன்.

லெந்து நாளில் பொய் சொல்லவில்லை.
உண்மையாகவே
ரொம்ப இலை.